கோடு வரைவதா, சுவர் எழுப்புவதா?

மூன்று தளங்கள் கொண்ட ஒரு வீடு. பிளிந்த் பீம் போட்டு முடிந்து, செங்கல் வேலை தொடங்கவிருக்கிறது. வீட்டுக்காரர் சைட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, படிக்கட்டு ஜன்னலை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்கிறார். இப்போது காட்டியிருக்கும் இடத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை நேரே தெரியும். நியாயமான கோரிக்கைதான். ஆட்டோகேடில் வேலை செய்யும் அலுவலகத்தில் இதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் பிளானிலும் ஜன்னல் நகர வேண்டும். பக்கவாட்டு எலிவேஷனில் நகர வேண்டும். படிக்கட்டை வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் லிண்டலும் சன்ஷேடும் சேர்ந்தே நகர வேண்டும். அந்தச் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் எலக்ட்ரிகல் டிராயிங்கையும் திருத்த வேண்டும். வீட்டுக்காரருக்குக் காட்டிய முப்பரிமாணப் படம் ஸ்கெச்சப்பில் தனிக் கோப்பாகக் கிடக்கிறது. அங்கேயும் மாற்ற வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பிளானில் ஓர் அளவும் எலிவேஷனில் வேறோர் அளவும் நிற்கும். மேஸ்திரி தன் கையிலிருக்கும் தாளை நம்பிக் கட்டிவிடுவார். பிறகு இடிக்க வேண்டியதுதான்.

ரெவிட்டிலோ ஆர்க்கிகேடிலோ அதே ஜன்னலை ஒருமுறை நகர்த்தினால் போதும். பிளான், எலிவேஷன், செக்‌ஷன், ஜன்னல் அட்டவணை எல்லாமே ஒரே மாடலை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வைகள் என்பதால் மாற்றம் எல்லாவற்றிலும் தானாகவே வந்துவிடும். பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி மென்பொருளின் மொத்த வலிமையும் இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதிகள் இதைத்தான் முதலில் செய்து காட்டுவார்கள். அவர்கள் காட்டுவது உண்மை. ஆனால் திருத்திய பிடிஎஃப் மேஸ்திரியின் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர்ந்ததா, அவர் பழையதை அழித்தாரா என்பதை எந்த மென்பொருளும் பார்த்துக்கொள்ளாது. அலுவலகத்துக்குள் முரண்பாட்டைத் தீர்க்கும் கருவி, அலுவலகத்துக்கும் சைட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தொடுவதே இல்லை.

எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்வி இன்று சிறிய கட்டடக்கலை அலுவலகங்களையும் விடாமல் துரத்துகிறது. பெரும்பாலான இடங்களில் இரண்டே காரணங்களால் முடிவெடுக்கிறார்கள். படம் எவ்வளவு அழகாக வருகிறது என்பது ஒன்று. எல்லோரும் பிம்முக்கு மாறுகிறார்கள், நாம் பின்தங்கிவிடுவோம் என்ற பதற்றம் இன்னொன்று. இரண்டுமே தவறான இடத்தில் தொடங்குகின்றன. ஓர் அலுவலகத்தின் டிராயிங் யார் யாரிடம் போகிறது, மாற்றம் வரும்போது அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டையும் விசாரிக்காமல் மென்பொருளை எடைபோடவே முடியாது.

கோடு வரையும் மென்பொருள், மாடல் செய்யும் மென்பொருள் என்ற இருவகையும் கிட்டத்தட்ட ஒரே வயதுடையவை. கோடுகளுக்குப் பதிலாகக் கட்டட உறுப்புகளையே கணினியில் பதிந்து, அதிலிருந்து வரைபடங்களை எடுக்கலாம் என்ற எண்ணத்தை சார்லஸ் ஈஸ்ட்மேன் 1975-லேயே எழுதிவிட்டார். அப்போது அதைச் செய்யத் தேவையான கணினி எந்த ஆர்க்கிடெக்ட்டுக்கும் கட்டுப்படியாகாது. 1982-ல் அமெரிக்காவில் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க்கைத் தொடங்கினார்கள்; அதே ஆண்டு டிசம்பரில் மேசைக் கணினியில் ஓடும் ஆட்டோகேட் வெளிவந்தது. அதே 1982-ல் புடாபெஸ்ட்டில் காபோர் போயார் கிராஃபிசாஃப்ட்டைத் தொடங்கினார். ஆர்க்கிகேட் அங்கிருந்து வந்தது. முதலாமவர் வரைபலகையைக் கணினிக்குள் கொண்டுவந்தார், இரண்டாமவர் கட்டடத்தைக் கொண்டுவந்தார். ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். அது சுவர் என்பது வரைபவருக்கும் படிப்பவருக்கும் மட்டுமே தெரியும். ஆர்க்கிகேடில் அந்தச் சுவருக்கு உயரம், தடிமன், பொருள் எல்லாம் உண்டு.

ரெவிட் பிற்பாடு வந்தது. இயந்திர வடிவமைப்பு மென்பொருளில் பழுத்த அனுபவம் கொண்ட லியோனிட் ரைஸ், இர்வின் யுங்ரைஸ் இருவரும் 1997-ல் தொடங்கிய நிறுவனம் 2000-ல் அதை வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில் ஆட்டோடெஸ்க் அதை 13 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. கோடுகளை விற்றுப் பெரிதான நிறுவனமே சுவர்களையும் விற்கத் தொடங்கியது. ஆகவே ஆட்டோகேடிலிருந்து ரெவிட்டுக்கு மாறுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொல்லும்போது, இரண்டும் ஒரே கடைச் சரக்கு என்பது வாங்குபவர் நினைவில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சிறிய, நடுத்தர அலுவலகங்களில் பரவலாக வேரூன்றியிருப்பது ஆட்டோகேடும் ஸ்கெச்சப்பும் சேர்ந்த ஜோடி. இதைப் பழமை என்று தள்ளிவிடுவது அவசர முடிவு. ஐடிஐயில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து வரும் பிள்ளைக்கு ஆட்டோகேட் கைவந்த வேலை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் பிளம்பிங் ஆலோசகரும் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பைத்தான் கேட்கிறார்கள். சென்டர் லைன் டிராயிங்கை அரை நாளில் எடுத்துத் தந்துவிடலாம். ஆட்டோகேடில் வேண்டுமென்றே அரைகுறையாக வரையவும் முடியும் என்பது பலர் கவனிக்காத வசதி. முடிவாகாததை முடிவாகாததாகவே விட்டுவைக்கலாம். ரெவிட்டில் சுவரை வைத்த கணமே அதன் தடிமனும் உயரமும் என்ன என்று அது கேட்கும். பதில் தெரியாதவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார். பிறகு அந்த ஏதோ ஒன்று, தீர்மானித்து எடுத்த முடிவு போல எல்லா டிராயிங்கிலும் துல்லியமாக வந்து நிற்கும்.

ஸ்கெச்சப்பின் கதை வேறு. அமெரிக்காவின் போல்டர் நகரில் அட் லாஸ்ட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் 2000-ல் அதை வெளியிட்டது. 2006-ல் கூகுள் வாங்கியது. 2012-ல் ட்ரிம்பிள் கைக்குப் போனது. ஒரு பரப்பை வரைந்து, சுட்டியால் பிடித்து இழுத்தால் அது பெட்டியாக எழும் என்ற ஒரே யோசனை அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பால்கனியை நீட்டிக் காட்டவும், கூரையை உயர்த்திக் காட்டவும் இதைவிட இலகுவான கருவி கிடையாது. பிளானைப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பத்துக்குத் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும் வாய்ப்பைக் கொடுத்த மென்பொருள் இது. அந்தப் புண்ணியத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஸ்கெச்சப் மாடலில் இருப்பவை விளிம்புகளும் பரப்புகளும் மட்டுமே. ஹாலின் நடுவே ஒன்றரை அடி ஆழத்தில் பீம் தொங்கப்போகிறது என்பதை யாராவது நினைவில் வைத்து வரைந்தால்தான் படத்தில் வரும். வரையாமல் விட்டால் மேல்தளம் வழுவழுவென்று அழகாக இருக்கும். வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதிப்பார். சென்ட்ரிங் பிரித்த அன்றுதான் பீம் கண்ணில் படும். அவர் சம்மதித்த வீடு ஒன்று, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் இருந்த வீடு வேறு. இரண்டையும் இணைக்கும் கயிறு மனித நினைவாற்றல் ஒன்றுதான். லூமியன், என்ஸ்கேப், டி5 போன்ற ரெண்டரிங் மென்பொருள்கள் படத்தை நிழற்படம் போலவே ஆக்கிவிட்ட இந்தக் காலத்தில் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. கரடுமுரடான கோட்டுச் சித்திரத்தைப் பார்ப்பவர், இது உத்தேசம் என்று தானே புரிந்துகொள்வார். மாலை வெயிலும் மரநிழலும் விழுந்த படத்தை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார். அதில் தவறும் இல்லை.

ரெவிட், ஆர்க்கிகேட் பக்கம் வருவோம். மருத்துவமனை, கல்லூரி, அடுக்குமாடி, ஹோட்டல் போன்ற கட்டடங்களில் இவற்றின் பலன் மறுக்க முடியாதது. பொய்க்கூரைக்கு மேலே ஏசி டக்ட், தீயணைப்புக் குழாய், கழிவுநீர்க் குழாய், கேபிள் தட்டு எல்லாம் ஒரே இரண்டடி இடத்துக்குப் போட்டியிடும் கட்டடங்கள் அவை. நான்கு ஆலோசகர்களின் டிராயிங்கைத் தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் சரியாகவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்தான் டக்ட் பீமைத் துளைத்துக்கொண்டு போவது தெரியும். மாடலில் அந்த மோதலை முன்கூட்டியே பிடித்துவிடலாம். கான்கிரீட் போட்ட பின் பீமில் ஓட்டை போடுவதன் விலையைச் சைட்டில் நின்றவர்கள் அறிவார்கள்.

இந்தப் பலனுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? மென்பொருள் பற்றிய பேச்சுகளில் அதிகம் மறைந்துபோகும் கேள்வி இது. ஹெச்ஓகே என்ற பெரிய அமெரிக்கக் கட்டடக்கலை நிறுவனத்தின் பேட்ரிக் மெக்லீமி ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பழைய முறையில் அலுவலகத்தின் உழைப்பு ஒர்க்கிங் டிராயிங் கட்டத்தில் உச்சத்துக்குப் போகும். மாடல் முறையில் அந்த உச்சம் முன்கூட்டியே, வடிவமைப்புக் கட்டத்திலேயே வந்துவிடும். மாற்றங்கள் மலிவாக இருக்கும் காலத்திலேயே உழைப்பைக் கொட்டினால் பின்னால் வரும் செலவு குறையும் என்பது அவர் வாதம். கட்டடத்தின் மொத்தக் கணக்கில் பார்த்தால் வாதம் சரி.

ஆனால் அலுவலகத்தின் கணக்கு அதுவல்ல. ஆர்க்கிடெக்ட்டின் கட்டணம் கட்டம் கட்டமாக வருவது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வகுத்த நெறிமுறையும் அப்படியே சொல்கிறது. நம்மூர் நடைமுறையிலோ, “ஒரு பிளான் போட்டுக் காட்டுங்க, பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசலாம்” என்பதுதான் பல வேலைகளின் தொடக்கமே. முன்பணம் கைக்கு வரும் முன் மூன்று பிளான் போட்டாக வேண்டும். அந்த நிலையில் முழு மாடலைக் கட்டத் தொடங்கினால், சம்பளம் கொடுத்து இலவச வேலை செய்ததாக முடியும். இன்னொன்றும் உண்டு. மோதலைக் கண்டுபிடித்ததால் மிச்சமாகும் பணம் கட்டட உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் போகிறது. மாடலைக் கட்டிய செலவு ஆர்க்கிடெக்ட்டின் கணக்கில் எழுதப்படுகிறது. செலவு ஓரிடம், ஆதாயம் வேறிடம். கட்டண ஒப்பந்தத்தை மாற்றி எழுதாமல் மென்பொருளை மட்டும் மாற்றும் அலுவலகம் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு விழிக்கிறது. பிறகு மென்பொருள் சரியில்லை என்கிறார்கள்.

உள்ளூர்க் கட்டுமானத்துக்கும் மென்பொருளின் கையிருப்புக்கும் உள்ள பொருத்தமின்மையும் சிறிய விஷயமல்ல. ரெவிட்டுடன் வரும் சுவர்களும் ஜன்னல்களும் பெரும்பாலும் மேலைநாட்டுக் கட்டுமானத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒன்பதங்குல பில்லர், லிண்டலோடு சேர்ந்த சன்ஷேடு, லாஃப்ட், பூஜை அலமாரி, சம்ப், மேல்நிலைத் தொட்டி. இவை எதுவும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் அளவு மாற்றக்கூடிய ‘ஃபேமிலி’யாக யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். நன்றாகச் செய்துவைத்தால் அது அலுவலகத்தின் சொத்து. அடுத்த பத்து வேலைகளில் உழைப்பு மிச்சமாகும். செய்ய நேரமில்லை என்று பொதுவான வடிவங்களைப் போட்டு ஒப்பேற்றினால், படம் சரியாக வரும், அட்டவணை பொய் சொல்லும்.

அந்தப் பொய் எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தளத்துக்குத் தளம் பத்தடி உயரம். பீம் ஆழம் ஒன்றரை அடி. செங்கல் சுவர் பீமின் அடிமட்டம் வரைதான் போகும், அதாவது எட்டரை அடி. மாடல் செய்பவர் சுவரைத் தளத்திலிருந்து தளம் வரை இழுத்துவிட்டு, பீமோடு அதை ஜாயின் செய்யாமல் விட்டால், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. செக்‌ஷனில்கூடக் கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் அளவு அட்டவணையில் செங்கல் நூற்றுக்குப் பதினேழுக்கும் மேல் கூடிவிடும். கையால் பிஓக்யூ எனப்படும் அளவுப் பட்டியல் போடும் அனுபவசாலி இந்தத் தவறைச் செய்ய மாட்டார். பீம் ஆழத்தைக் கழிப்பது அவருக்கு அனிச்சைச் செயல். கணினி கொடுத்த எண் என்பதால் யாரும் சரிபார்க்காத எண்தான் டெண்டருக்குள் போகிறது. மாடலிலிருந்து அளவெடுக்கலாம் என்பது மெய். அளவெடுக்கத் தகுந்தபடி மாடல் செய்யும் ஒழுக்கம் அலுவலகத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது மெய்.

கட்டட அனுமதியின் பக்கம் பார்த்தால் நாட்டுக்கு நாடு நிலைமை மாறுகிறது. சிங்கப்பூரில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை மாடலாகவே தாக்கல் செய்ய வேண்டும் என்று 2013-ல் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு பொறியியல் திட்டங்களுக்கும், 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் அது விரிந்தது. பிரிட்டனில் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களுக்கு 2016 ஏப்ரலிலிருந்து பிம் கட்டாயம். அங்கெல்லாம் விவாதம் முடிந்த விஷயம் இது. இந்தியாவிலோ பல மாநகரங்கள் இணையவழி அனுமதிக்கு வந்துவிட்டாலும், புனேயின் சாஃப்ட்டெக் நிறுவனம் உருவாக்கிய ஆட்டோடிசிஆர் போன்ற சரிபார்ப்பு மென்பொருள்கள் இருபரிமாண டிராயிங்கைத்தான் படிக்கின்றன. எந்தக் கோடு எந்த லேயரில் இருக்கிறது என்பதை வைத்து செட்பேக்கையும் தளப்பரப்பையும் கணக்கிடுகின்றன. மாடலில் வேலை செய்யும் அலுவலகமும் அனுமதிக்காகத் தன் மாடலைத் தட்டையாக்கி, லேயர் பெயர்களை மாற்றி, கோடுகளைச் சுத்தப்படுத்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. கட்டடத்தைப் பற்றி அலுவலகம் சேர்த்துவைத்த அறிவில் பாதியை அரசு அலுவலக வாசலிலேயே உதறிவிட்டுப் போவது வருத்தம் தரும் காட்சி. இந்த நிலை மாறாதவரை சிறு அலுவலகங்கள் மாடலுக்கு மாறத் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

சென்னையிலும் கோவையிலும் நிலைமைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளில் எழும் கட்டடங்களுக்கு ரெவிட் மாடலும் டெக்லா மென்பொருளில் இரும்புக் கட்டுமான விவரப் படங்களும் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் இங்கே நிறைய. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் குழாய்ப் பாதையைத் துல்லியமாக மாடல் செய்யும் இளைஞர், தன் சொந்த ஊரில் அப்பா கட்டும் வீட்டுக்கு ஆட்டோகேடில் போட்ட ஒற்றைத் தாள் பிளானைப் பார்க்கிறார். திறமை இங்கேயேதான் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வெளியே இருக்கிறார். உள்ளூர் அலுவலகம் ஒருவருக்கு ரெவிட் கற்றுக்கொடுத்தால், அவர் ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பக்கம் போய்விடும் வாய்ப்பு அதிகம். மென்பொருள் செலவைக் கணக்கிடும்போது இந்தப் பயிற்சிச் செலவையும் இழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆர்க்கிகேடைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்துக்கு நேர்மாறான சிக்கல். மேக்கிலும் ஓடும், கட்டடக்கலைக்காரர்களின் சிந்தனையோட்டத்துக்கு நெருக்கமான நல்ல மென்பொருள் அது. ஆனால் தெரிந்த ஆள் தமிழ்நாட்டில் எளிதில் அகப்பட மாட்டார். வேலைக்கு எடுத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இனி உரிமம். முன்பெல்லாம் மென்பொருளை ஒருமுறை வாங்கினால் கணினி உள்ளவரை ஓடும். ஆட்டோடெஸ்க் 2016-ல் நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. 2020-ல் ஸ்கெச்சப்பும் அதே வழியில் போனது. வேலை இல்லாத ஆண்டிலும் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சொந்த டிராயிங்கையே திருத்த முடியாது. 2020 ஜூலையில் பிரிட்டனைச் சேர்ந்த பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல சேர்ந்து ஆட்டோடெஸ்க்கின் தலைவர் ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதின. ஜாகா ஹடித் நிறுவனமும் கையெழுத்திட்டிருந்தது. 2019 வரையிலான ஐந்து ஆண்டுகளில் தங்கள் செலவு 70 சதவீதம் வரை உயர்ந்துவிட்டது, அதற்கேற்ப ரெவிட் வளரவில்லை என்பது புகாரின் சாரம். நூற்றுக்கணக்கான ஊழியர்களைக் கொண்ட அந்த நிறுவனங்களாலேயே பேரம் பேச முடியவில்லை என்றால், ஐந்து பேர் கொண்ட அலுவலகம் எந்தப் பலத்தில் பேசும்?

இந்தச் செலவைத் தட்டிக்கழிக்க நம்மிடம் பரவலாகக் கையாளப்படும் வழி திருட்டுப் பிரதி. இதைப் பூசிமெழுகிச் சொல்வதில் பயனில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்குக் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தைவிடப் பெரிய இழப்பு தொழிலுக்குள்ளேயே நடக்கிறது. மென்பொருளுக்குக் காசு கொடுக்காத அலுவலகம் தன் கட்டணத்தில் அந்தச் செலவைச் சேர்ப்பதில்லை. நேர்மையாக வாங்கும் பக்கத்து அலுவலகம் விலை கூடியதாகத் தெரிகிறது. கட்டணம் எல்லோருக்குமே கீழே இறங்குகிறது.

நியாயமான மாற்று வழிகள் உண்டு. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவை டிடபிள்யூஜி கோப்பிலேயே வேலை செய்கின்றன. ஆட்டோகேட் பழகியவருக்கு இவற்றில் கை பழகச் சில நாட்கள் போதும். இருபரிமாண வேலை மட்டும் செய்பவருக்கு ஆட்டோகேட் எல்டியே தாராளம். 2024 பதிப்பிலிருந்து அதில் ஆட்டோலிஸ்ப் நிரல்களும் ஓடுகின்றன. ரைனோ இன்றும் நிரந்தர உரிமமாகக் கிடைக்கிறது. வளைந்த கூரையோ சிக்கலான முகப்போ செய்பவர்களுக்கு அதுவும் அதனுடன் சேர்ந்த கிராஸ்ஹாப்பரும் போட்டியில்லாத கருவிகள். ஃப்ரீகேட் 2024 இறுதியில்தான் தன் 1.0 பதிப்பை எட்டியது. காசில்லாத திறந்த மூல மென்பொருள் என்பதில் அதற்குப் பெருமை உண்டு. ஆனாலும் கெடு வைத்த வேலையை இன்றைக்கு அதை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ளும்படி ஒரு சிறு அலுவலகத்துக்குச் சொல்ல மனம் துணியவில்லை.

கோப்பின் ஆயுள் தனியாகப் பேச வேண்டியது. புதிய பதிப்பு ரெவிட்டில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதியும் கிடையாது. ஒரே திட்டத்தில் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் சர்வீஸ் ஆலோசகரும் ஒரே ஆண்டுப் பதிப்பில் இருந்தாக வேண்டும். பதிப்பு வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதை விமானத் தொழில் காட்டியது. ஏர்பஸ் ஏ380-ஐ வடிவமைத்தபோது ஜெர்மனியில் கேடியா மென்பொருளின் நான்காம் பதிப்பும் பிரான்ஸில் ஐந்தாம் பதிப்பும் புழங்கின. ஹாம்பர்க்கில் செய்த மின்கம்பிக் கட்டுகள் துலூஸில் பொருந்தவில்லை. ஒரு விமானத்தில் ஓடும் கம்பியின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். விமானம் கைக்கு வருவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

மென்பொருள் எதுவானாலும் தகவல் கடந்துபோக வேண்டும் என்பதற்காகவே ஐஎஃப்சி என்ற பொது வடிவம் உருவானது; 2013-ல் அது ஐஎஸ்ஓ 16739 என்ற தரமாக ஏற்கப்பட்டது. ஆர்க்கிகேட் தரப்பு இதை நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறது. நடைமுறையில் ஐஎஃப்சி வழியே வடிவம் வந்து சேர்கிறது. ஜன்னலின் அளவை மாற்றினால் சட்டமும் சேர்ந்து மாறும் அந்த அறிவு பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆவணமாகச் சேமிக்கவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது போதும். விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர அது போதாது.

எந்தக் கருவியும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இரு ஆர்க்கிடெக்ட்டுகளின் வழிமுறைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஃபிராங்க் கேரி தாளையும் மரத்தையும் கையால் வளைத்து மாடல் செய்தவர். அந்த வளைவுகளைக் கட்டட மென்பொருள் எதுவும் தாங்காததால், அவருடைய அலுவலகம் விமானம் வடிவமைக்கும் கேடியாவை எடுத்துக்கொண்டது. 1997-ல் திறந்த பில்பாவ் குகன்ஹைம் அருங்காட்சியகம் அப்படிப் பிறந்தது. வடிவம் முதலில் வந்தது, மென்பொருள் அதைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வேறு திசையில் நின்றார். செலவைக் குறைக்கும் வழிகளைச் சைட்டிலேயே, கொத்தனாரோடு நின்று தீர்மானித்தார். இருக்கும் மரத்தைச் சுற்றிச் சுவரை வளைக்கும் அந்த முறைக்கு, எல்லாவற்றையும் முன்கூட்டியே மில்லிமீட்டரில் முடிவுசெய்யச் சொல்லும் மாடல் உதவியைவிடத் தடையாகவே இருந்திருக்கும். இன்றும் மண்சுவர், பழைய மரம், மீட்டெடுத்த கல் என்று வேலை செய்யும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் துல்லியமான அளவெடுப்பும் நல்ல கைச்சித்திரமும் எளிய இருபரிமாண மென்பொருளும் போதும். பிம் இல்லையே என்று அவர்கள் கூச வேண்டியதில்லை.

தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. தனி வீடுகளும் சிறு கடைகளும் செய்யும், பத்துப் பேருக்குக் குறைந்த அலுவலகத்துக்கு ஆட்டோகேடோ அதற்கு இணையான ஒன்றோ, கூட ஸ்கெச்சப், இதுவே இன்றைக்குப் பொருத்தம். ஆனால் இந்த ஜோடியின் முரண்பாட்டு நோய்க்கு மருந்து தேவை. டிராயிங்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பிளானைத் தனிக் கோப்பாக வைத்து மற்ற டிராயிங்குகளில் எக்ஸ்ரெஃப் ஆக இணைக்கும் வழக்கம் வேண்டும். ஆட்டோகேடில் பல ஆண்டுகளாக இருந்தும் பல அலுவலகங்கள் தொடாத வசதி அது. பீம் ஆழத்தைச் சேர்க்காத ஸ்கெச்சப் படம் வெளியே போகக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, அடுக்குமாடி என்று நான்கைந்து ஆலோசகர்களோடு வேலை செய்யும் அலுவலகம் இனியும் கோடுகளில் தங்கியிருப்பது, சைட்டில் நடக்கப்போகும் இடிப்புகளுக்குத் தெரிந்தே சம்மதம் கொடுப்பது போலத்தான். அவர்கள் ரெவிட்டுக்கோ ஆர்க்கிகேடுக்கோ போக வேண்டும். கூடவே கட்டண அட்டவணையையும் மாற்றி, வடிவமைப்புக் கட்டத்துக்குக் கூடுதல் பங்கு கேட்க வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் வரும்வரை மென்பொருளை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

மென்பொருளைச் சோதிக்கும் முறையும் மாற வேண்டும். விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கட்டடத்தில் எல்லாமே சரியாகத்தான் ஓடும். அலுவலகம் ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு வேலையை எடுத்து, சோதனைப் பதிப்பில் அதைத் திரும்பச் செய்து பார்க்கலாம். அந்த வேலையில் உண்மையிலேயே நடந்த மூன்று பெரிய மாற்றங்களை அதே வரிசையில் செய்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறிக்க வேண்டும். பழைய பிஓக்யூவோடு மாடல் கொடுக்கும் அளவுகளை ஒப்பிட வேண்டும். வெளியே எடுத்த டிடபிள்யூஜியை வழக்கமான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பி, அவரால் அதில் வேலை செய்ய முடிகிறதா என்று கேட்க வேண்டும். சோதனையை அலுவலகத்தின் கெட்டிக்கார ஆளிடம் கொடுக்காமல், நாளை இதில் தினமும் உட்காரப்போகும் சாதாரண டிராஃப்ட்ஸ்மேனிடம் கொடுப்பது முக்கியம்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய ஒரு வரி மிச்சமிருக்கிறது. வேலை முடிந்ததும் மாடல் யாருக்குச் சொந்தம், எந்த வடிவத்தில் ஒப்படைக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனை நிர்வாகம் பத்து ஆண்டு கழித்து ஒரு சுவரை இடிக்க நினைக்கும்போது, சுவருக்குள் ஆக்சிஜன் குழாய் போகிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஏதாவது திறக்க வேண்டும். மூலக் கோப்பு, அதன் ஐஎஃப்சி பிரதி, அளவுகளோடு கூடிய பிடிஎஃப் என மூன்றையும், எந்த ஆண்டுப் பதிப்பில் செய்தது என்ற குறிப்போடு சேர்த்துக் கொடுத்தால், அன்றைக்கு அவற்றில் ஒன்றாவது திறக்கும்.